பூசணி எழுத்து

நான் எழுத்துரு வரைகிறவன். போனிலும் பலகையிலும் பாக்கெட்டிலும் நீங்கள் தினம் பார்க்கிற எழுத்துகளை யாரோ ஒருத்தர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வரைந்திருப்பார். அப்படி உட்கார்கிறவர்களில் நானும் ஒருத்தன். எங்கள் அலுவலகம் ஒரு பல் ஆஸ்பத்திரியின் மாடியில் இருக்கிறது. மொத்தம் நாலு பேர். கீழே யாருக்காவது பல்லைக் குடையும்போது மேலே எங்கள் மேஜையில் டீ நடுங்கும்.

பூசணி என்கிற எழுத்தை நான் வரைந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால். வேலை ஓடாத ஒரு மத்தியானம், தடித்த மார்க்கரை எடுத்து விளையாட்டாக ஒரு 'ஓ' போட்டேன். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு இடுப்புவாரைத் தளர்த்திக்கொண்ட ஆள் மாதிரி வந்தது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதே கையோடு மற்றவற்றையும் வரைந்தேன். எல்லாம் குண்டு, எல்லாம் உருண்டை, எதிலும் ஒரு நேர்கோடு கிடையாது. 'க' ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். 'ழ' வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எங்கள் மேடம் பார்த்துவிட்டு, "கன்னத்தைக் கிள்ளணும் போல இருக்கு" என்றார். வெளியிட்ட ஒரு வருஷத்துக்குள் பிஸ்கட் பாக்கெட், பல்பசை, ஐஸ்கிரீம் வண்டி என்று எங்கே திரும்பினாலும் பூசணிதான். கடைக்குப் போனால், வாங்க வேண்டியதை விட்டுவிட்டு என் எழுத்து எந்தெந்த அலமாரியில் இருக்கிறது என்று தேடிக்கொண்டு நிற்பேன். என் மனைவி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள்.

அதில் ஒரு குறை இருந்தது. அது எனக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். பிறகுதான் தெரிந்தது என்று கதை கட்ட வாய்ப்பில்லாமல் இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நம் எழுத்தில் சுழிதான் எல்லாமே. ரெண்டு சுழி 'ன', மூணு சுழி 'ண'. 'வி'யின் கொக்கி சும்மா வளைந்து நிற்கும், 'வீ'யின் கொக்கி நுனியில் ஒரு குட்டிச் சுழி போட்டுக்கொள்ளும். எழுத்தைத் தடிக்க வைக்க வைக்க, சுழிக்குள் இருக்கிற வெள்ளை குறைந்துகொண்டே வரும். பூசணியில் அது அடைத்தே போயிருந்தது. பெரிதாக அச்சடித்தால் கொஞ்சம் தெரியும். சின்னதாக அடித்தால் 'வி'யும் 'வீ'யும் ஒரே ஆள். 'ண'வும் 'ன'வும் ஒரே ஆள்.

எங்களில் ஒருவன் எழுத்துருவுக்குள் ஓடுகிற நிரலை எழுதுகிறவன். கம்ப்யூட்டர் கோடு எழுதுகிறவன் என்பதால் அவன் பேரே கோடு என்று ஆகிவிட்டது. அவன்தான் ஒரு தாளில் எல்லா எழுத்தையும் சின்ன அளவில் அடித்து, ஒட்டிக்கொண்ட இடங்களில் சிவப்பு வட்டம் போட்டுக் கொண்டுவந்தான். தாள் அம்மை போட்டதுபோல் இருந்தது.

"அண்ணே, இகர வரிசையும் ஈகார வரிசையும் மொத்தமா ஒண்ணாத் தெரியுது. திரும்ப வரையணும்."

திரும்ப வரைந்தால் ஒரு மாத வேலை. சுழிகளைத் திறந்தால் அந்தக் கொழுகொழுப்பும் போய்விடும்.

"பிஸ்கட் பாக்கெட்ல யாருடா சுழி எண்ணப் போறா? வார்த்தையைப் பாத்தா தன்னால புரிஞ்சுடும்" என்றேன்.

பாக்கெட் வரைக்கும் அது சரிதான். படிக்கத் தெரிந்தவன் எழுத்தைப் பார்ப்பதில்லை. வார்த்தையை மோப்பம் பிடித்துக்கொண்டு போய்விடுகிறான்.

போன வருஷம் ஒரு அம்மா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குச் சாயங்கால வகுப்பு நடத்துகிற டீச்சர். புதிதாக ஒரு பாடப் புத்தகம் போடப்போகிறார்களாம்.

"எங்ககிட்ட வர்றவங்க எழுத்தைக் கண்டாலே மிரள்றாங்க. சின்ன வயசுல ஸ்கூல்ல வாங்கின அடி அவங்களுக்கு இன்னும் வலிக்குது. உங்க பூசணி மிரட்டாத எழுத்தா இருக்கு. அதான் கேக்க வந்தேன்" என்றார். பிறகு பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு, "புதுசா படிக்கறவங்களுக்கு இது சரியா வருமா? சோதிச்சுப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

"பாத்திருக்கோம்" என்றேன்.

ஒரு வார்த்தைதான். பக்கத்து மேஜையில் கோடு தட்டச்சு செய்வதை நிறுத்தினான். என் பக்கம் திரும்பவில்லை. கொஞ்சம் கழித்து மறுபடியும் தட்ட ஆரம்பித்தான். டீச்சர் அந்த வார்த்தையைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். மற்ற ஊர் வகுப்புகளுக்கும் சேர்த்துப் புத்தகம் மூவாயிரம் பிரதி அச்சானது. பக்கம் குறைய வேண்டும் என்று எழுத்தைச் சின்ன அளவில் போட்டிருந்தார்கள்.

இப்போது என் மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் மனைவிக்கு ஒரே அண்ணன். நாற்பத்தெட்டு வயது. ஒரு சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ஆறடி உயரத்தில் அடுக்கியிருக்கும் கண்ணாடிப் பெட்டியைக் கூட முட்டை எடுப்பதுபோல் எடுத்து வைப்பார் என்று அவரோடு வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஒரு பை ஆப்பிளோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். வாசலிலேயே, "என்ன மாப்ள, உயிரோட இருக்கியா, இல்ல என் தங்கச்சி சமையல் வேலையைக் காட்டிடுச்சா?" என்பார். என் மகளுக்கு மாமா என்றால் உயிர்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. எதையாவது படிக்கக் கொடுத்தால் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, "கண்ணாடியை வீட்டுலயே வச்சுட்டேன், நீயே சொல்லு" என்பார். ஹோட்டலில் உட்கார்ந்தால், "நீ என்ன சாப்பிடறியோ அதுவே எனக்கும்" என்பார். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அந்தக் கண்ணாடியை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. என் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில்தான் வேலை செய்கிறாள். "கடைக்கு வாண்ணா, நானே கண்ணை டெஸ்ட் பண்ணி நல்லதா ஒண்ணு போட்டுத் தர்றேன்" என்று வாரா வாரம் கெஞ்சுவாள். அவரும் வாரா வாரம் "அடுத்த வாரம்" என்பார். எங்களுக்கு அதில் எதுவும் உறைக்கவே இல்லை.

புத்தகம் வந்து இரண்டு மாதம் இருக்கும். டீச்சர் போன் செய்தார். வகுப்புக்கு வந்து பாருங்கள், உங்கள் எழுத்து எப்படி வேலை செய்கிறது என்று படம் எடுத்துக்கொள்ளலாம் என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன்.

வகுப்பு ஒரு நூலகத்தின் கீழ்த்தளத்தில், குழந்தைகள் பகுதியில் நடந்தது. நாற்காலிகள் எல்லாம் முழங்கால் உயரம். பெரிய பெரிய ஆட்கள் முட்டி தாடையை இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது வரிசையில், கிடங்கின் நீலச் சீருடையோடு, பூசணியில் அச்சான புத்தகத்தைத் தொடையில் விரித்து வைத்துக்கொண்டு என் மச்சான்.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் கை தன்னால் சட்டைப் பைக்குப் போனது.

டீச்சருக்கு எங்கள் உறவு தெரியாது. "இவர்தான் நீங்க படிக்கிற எழுத்தையெல்லாம் வரைஞ்சவர்" என்று என்னை அறிமுகம் செய்தார். எல்லோரும் கை தட்டினார்கள். மச்சானும் தட்டினார். பிறகு டீச்சர், "எங்க, விருந்தாளிக்கு யாராவது படிச்சுக் காட்டுங்க பாப்போம். அண்ணே, நீங்க படிங்க. நல்லா சத்தமா" என்று அவரையே கை காட்டினார்.

அவர் எழுந்து நின்றார். குட்டி நாற்காலி அவரோடு ஒட்டிக்கொண்டு எழுந்து, பிறகு கீழே விழுந்தது. விரலை வரியின் கீழே வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

"என்... வி... விட்... டில்... மி... மின்... தொட்டி இருக்... கிறது."

'என் வீட்டில் மீன் தொட்டி இருக்கிறது' என்பதுதான் வாக்கியம். முன் வரிசையில் இருந்த முடிவெட்டுகிறவர் திரும்பி, "மின் தொட்டில கையை விட்டுடாதீங்கண்ணே, ஷாக் அடிச்சிரும்" என்றார். வகுப்பே சிரித்தது. மச்சான் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தார்.

"போன வாரமே சொல்லிக் குடுத்தேனே. உத்துப் பாருங்க, அவசரப்படாதீங்க" என்றார் டீச்சர்.

அவர் உற்றுப் பார்த்தார். நான் நின்ற இடத்திலிருந்து புத்தகம் தெரிந்தது. நானும் உற்றுப் பார்த்தேன். வரைந்தவன் நான். அது 'வி'யா 'வீ'யா என்று எனக்கே தெரியவில்லை. கோடு அன்றைக்குத் தாளில் போட்டுக் கொண்டுவந்த சிவப்பு வட்டங்கள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. தப்பு அவருடையது இல்லை, எழுத்தில்தான் என்று அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். போனை எடுத்து ரெண்டு படம் எடுத்துக்கொண்டேன்.

வகுப்பு முடிந்து பஸ் நிறுத்தம் வரைக்கும் இருவரும் நடந்தோம். நிறுத்தத்தில் நின்றதும் அவர்தான் ஆரம்பித்தார்.

"என் தங்கச்சிக்குத் தெரிய வேணாம் மாப்ள."

"சொல்ல மாட்டேன் மச்சான்."

"அம்மாவுக்கு உடம்பு முடியாமப் போனப்ப ஸ்கூலுக்கு மட்டம் போட்டேன். அப்புறம் அப்படியே நின்னு போச்சு. அவ என்னை விடப் பதினோரு வயசு சின்னவ. அவளுக்கு நினைவு தெரியறப்ப நான் சம்பாதிக்கிற ஆளு. அண்ணனுக்குப் படிக்கத் தெரியாதுன்னு அவளுக்கு எப்படித் தோணும்? அவ கடைக்கு நான் ஏன் போறதில்லைங்கற? அங்க கண்ணு பாக்கறதுக்கு ஒரு பலகை வச்சிருக்காங்கல்ல. அதுல எழுத்துதான இருக்கும்."

கிடங்கில் அவரை ஷிஃப்ட் மேற்பார்வைக்குக் கேட்டிருக்கிறார்கள். சரக்குச் சீட்டைப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்காகத்தான் வகுப்பில் சேர்ந்திருக்கிறார்.

"ஆனா ஏற மாட்டேங்குது. எல்லாம் ஒண்ணு போலவே தெரியுது" என்றார். பிறகு, என் மனசு நோகுமோ என்று நினைத்தவர்போல், "உன் எழுத்து நல்லாத்தான் இருக்கு மாப்ள. குண்டு குண்டா, சின்னப் புள்ளைங்க மாதிரி. கோளாறு என் மண்டையில" என்று நெற்றியைத் தட்டிக் காட்டினார்.

"இல்ல மச்சான், போகப் போகச் சரியாயிடும்" என்றேன்.

பஸ் வந்தது. ஏறிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஆறு வாரம் நான் வாயைத் திறக்கவில்லை. அவர் ரகசியத்தைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது நல்ல வசதியாக இருந்தது. அவருடைய ரகசியத்துக்குப் பின்னால் என்னுடையதை ஒளித்து வைத்துக்கொள்ளலாம். எழுத்தில் தப்பு என்று சொன்னால், எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்பார்கள். டீச்சர் கேட்பார், மேடம் கேட்பார். 'பாத்திருக்கோம்' என்ற வார்த்தை ஒரு குறிப்பேட்டில் என் பெயருக்கு நேரே இருக்கிறது. ராத்திரி படுத்தால் அதுதான் நினைவுக்கு வரும். காலையில் எழுந்து பல் தேய்க்கப் போனால் பல்பசைக் குழாயில் பூசணி இருக்கும். மனைவியிடம், "வேற பேஸ்ட் வாங்கலாமே" என்றேன். "ஏன், உங்க எழுத்து இருக்கறதைத்தான வாங்கிட்டு வரச் சொல்லுவீங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மச்சான் வந்தார். வாசலில் கேட்கும் கேள்வி நின்றுபோனது. ஆப்பிள் பையை மேஜையில் வைத்துவிட்டுச் சோபாவில் உட்கார்ந்துகொள்வார். "அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா?" என்று மனைவி என்னிடம் கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

ஆறாவது ஞாயிறு வரும்போது பையில் ஆப்பிளுக்குக் கீழே அந்தப் புத்தகம் இருந்தது. மனைவி சமையலறையில் இருந்தாள். அவர் புத்தகத்தை எடுத்து என் மகளிடம் நீட்டினார். "இந்தா, உங்க அப்பா எழுத்து. நீ வச்சுக்க" என்றார். என்னிடம் குரலைத் தாழ்த்தி, "நின்னுட்டேன் மாப்ள. நம்ம தலைக்கு இது ஆகாது. கிடங்குலயும் வேணாம்னு சொல்லிட்டேன்" என்றார்.

என் மகளுக்கு ஏழு வயது. கையில் புத்தகம் கிடைத்தால் சும்மா இருக்க மாட்டாள். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, ஆப்பிளைக் கடித்துக்கொண்டே, கடகடவென்று படித்தாள். "என் வீட்டில் மீன் தொட்டி இருக்கிறது. தொட்டியில் மூன்று மீன்கள் நீந்துகின்றன."

அவள் சுழியைப் பார்க்கவில்லை. மீனும் தொட்டியும் சேர்ந்து வரும் என்று அவளுக்குத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் மச்சானுக்கு அது எப்படித் தெரியும்? அவர் அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். "பாத்தியா, ஏழு வயசு" என்றார். சிரிக்க முயன்றார். அந்த முகத்தை நான் பார்த்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் ரெண்டு தாளை எடுத்துக்கொண்டு அவர் கிடங்குக்குப் போனேன். ரெண்டிலும் அதே பத்து வரிகள். ஒன்று பூசணியில். இன்னொன்று செய்தித்தாளில் வருகிற சாதாரண எழுத்தில், கொஞ்சம் பெரிதாக. அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, கவிழ்த்துப் போட்ட மரச்சட்டங்களின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இதைக் கொஞ்சம் படிங்க மச்சான்."

"விளையாடாத. அதெல்லாம் முடிஞ்சு போச்சு."

"ஒரு தடவை. எனக்காக."

சாதாரண எழுத்துத் தாளைத்தான் கொடுத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். விரலை வைத்தார். நேரம் எடுத்தது. ஆனால் 'வீ' வந்தபோது 'வீ' என்றார். 'மீ' வந்தபோது 'மீ' என்றார். 'கிணறு' என்ற வார்த்தையில் நின்று, உதட்டை அசைத்து, "மூணு சுழி" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, சரியாகப் படித்தார். பத்து வரியில் ஒரே ஒரு தப்பு. முடித்ததும் தாளைத் திருப்பிப் பார்த்தார், பின்னால் ஏதாவது தந்திரம் இருக்கிறதா என்பதுபோல.

அப்புறம் பூசணித் தாளைக் கொடுத்தேன். முதல் வரியிலேயே நின்றார். ரெண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அவர் விரல் ஒரு 'வீ'யிலிருந்து இன்னொரு 'வீ'க்குப் போய்ப் போய் வந்தது.

"இதுல சுழியே இல்லையே" என்றார்.

"இல்ல."

"அச்சுல போயிருச்சா?"

நான் 'ஆமாம்' என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். அதற்கு ஒரு கணம் ஆசைப்பட்டேன் என்பதையும் மறைக்கப்போவதில்லை.

"நான் வரைஞ்சதே அப்படித்தான் மச்சான். முதல்லயே தெரியும். டீச்சர் கேட்டப்ப, சோதிச்சுப் பாத்தாச்சுன்னு பொய் சொல்லிட்டேன்."

அவர் சாப்பாட்டு டப்பாவை மூடினார். மூடி சரியாக உட்காரவில்லை. திறந்து மறுபடியும் மூடினார்.

"நான் வகுப்புல நின்னு படிச்சேனே, அன்னிக்கு?"

"அன்னிக்கே தெரியும்."

"பஸ் ஸ்டாப்புல?"

"தெரியும்."

"கோளாறு என் மண்டையிலன்னு உன்கிட்டயே சொன்னேன். நீ கேட்டுக்கிட்டு நின்ன."

அவர் பக்கத்தில் கிடந்த ரெண்டு தாளையும் எடுத்து மடித்தேன்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறதுன்னு சொல்லுவாங்க. அதை நீ பேரு வச்சே செஞ்சிருக்க" என்றார். அவருக்கே அது நகைச்சுவையாக வந்து விழுந்துவிட்டது. ஆனால் அவர் சிரிக்கவில்லை, என்னாலும் முடியவில்லை. "ஆறு வாரமா நான் என்னையே திட்டிக்கிட்டு இருந்தேன். வண்டி ஓட்டும்போதுகூட. அம்மா இருந்த ஆஸ்பத்திரியில ஒரு தாளை நீட்டி கையெழுத்துப் போடச் சொன்னப்பகூட எனக்கு இப்படி ஆனதில்ல. அன்னிக்குப் படிக்கத் தெரியாதவன், அவ்வளவுதான். இப்ப, சொல்லிக் குடுத்தும் ஏறாதவன்."

மணி அடித்தது. எழுந்துகொண்டார். நான் மன்னிப்புக் கேட்டேன். கையைக் காட்டித் தடுத்தார்.

"எனக்குச் சொன்னா ஆச்சா? அங்க பதினோரு பேரு இருந்தாங்க. என்னோட சேத்து மூணு பேரு நின்னுட்டாங்க. துணி வெளுக்கிற கடையில வேலை செய்யற அம்மா ஒருத்தங்க, 'பணி'யைப் 'பனி'ன்னு படிச்சதுக்கு எல்லாரும் சிரிச்சப்ப எழுந்து போனவங்க, திரும்ப வரவே இல்ல. வியாழக்கிழமை வகுப்பு. நானும் வர்றேன். அங்க வந்து சொல்லுங்க."

சொல்லு என்று சொல்லவில்லை. சொல்லுங்க என்றார். பத்து வருஷமாக என்னை 'நீ' என்று கூப்பிட்டவர். திட்டியிருந்தால்கூட இவ்வளவு சுட்டிருக்காது.

வியாழக்கிழமை அதே கீழ்த்தளம். டீச்சருக்கு முன்கூட்டிச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. எல்லோருக்கும் ரெண்டு ரெண்டு தாள் கொடுத்து, படிக்கச் சொல்லி, பிறகு உள்ளதைச் சொன்னேன். இந்த எழுத்தில் சுழி கிடையாது. நீங்கள் தப்பாகப் படித்த இடங்களில் பாதிக்கு மேல் தப்பு உங்களுடையது இல்லை. இது எனக்கு முன்பே தெரியும். கேட்டபோது பொய் சொன்னேன். நாலு வாக்கியம்தான். எங்கள் மேடம் முன்னால் நூறு தடவை பேசியிருக்கிறேன், அங்கே குரல் எழும்பவில்லை. "கேக்கல" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். முதலிலிருந்து மறுபடியும் சொல்ல வேண்டியதாயிற்று.

முடிவெட்டுகிறவர்தான் முதலில் பேசினார். "அப்ப அண்ணனைப் பாத்து நான் சிரிச்சேனே. அது?" என்று என்னைக் கேட்டார். பிறகு மச்சான் பக்கம் திரும்பினார். உடனே குனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வயதான ஒரு அம்மா, பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்கிறவர், "அப்ப இந்தப் புஸ்தகத்தை என்ன செய்யறது? நான் அட்டையெல்லாம் போட்டு வச்சிருக்கேனே" என்றார். பிரவுன் தாளில், மூலை மடங்காமல், அவ்வளவு நேர்த்தியாக அட்டை போட்டிருந்தார்.

டீச்சர் வழக்கம்போல வகுப்பை நடத்தி முடித்தார். வாசலில் வந்துதான் சொன்னார். "நீங்க சொன்ன ஒரு வார்த்தையை நம்பி நான் இவங்களை அதட்டியிருக்கேன். உத்துப் பாருங்க, உத்துப் பாருங்கன்னு. அங்க உத்துப் பாக்கறதுக்கு என்ன இருந்துச்சு?"

மேடத்திடம் மறுநாள் நானே போய்ச் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. அந்தப் புத்தகம் போன ஊர்களின் பட்டியலை வாங்கி, எல்லா வகுப்புகளுக்கும் என் பெயரிலேயே கடிதம் எழுதச் சொன்னார். எழுதினேன். ஒன்பது கடிதம். ஆறுக்குப் பதில் வரவில்லை. ரெண்டு பேர் நன்றி என்று எழுதியிருந்தார்கள். ஒரு வகுப்பிலிருந்து மட்டும் நீளமாக ஒரு பதில் வந்தது. அதில், 'இந்த வருஷம் சேர்ந்தவர்கள் கொஞ்சம் மந்தம் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தோம். அவர்களிடம் எப்படிச் சொல்வதென்று யோசிக்கிறோம்' என்று இருந்தது. அதை நான் கோடுவிடம் காட்டினேன். அவன் படித்துவிட்டு, "நானும் அன்னிக்குச் சும்மாத்தான இருந்தேன்ணே" என்றான்.

பூசணியை மூன்று மாதம் உட்கார்ந்து திரும்ப வரைந்தேன். இப்போது சுழிகளுக்குள் வெளிச்சம் இருக்கிறது. எழுத்து கொஞ்சம் இளைத்துவிட்டது. பிஸ்கட்காரர்கள் பழையதே போதும் என்றார்கள்.

மச்சான் இப்போது மறுபடியும் வகுப்புக்குப் போய்வருகிறார். முதல் நிலை முடித்துவிட்டார். கிடங்கில் அந்த மேற்பார்வை வேலைக்கு அதற்குள் வேறு ஒருவரைப் போட்டுவிட்டார்கள். அடுத்தது காலியானால் இவருக்கு என்று சொல்லியிருக்கிறார்கள். தங்கையிடம் அவரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் அழுதாள். அவர் போன பிறகு என்னிடம், "அண்ணன் சொல்ல வேணாம்னு சொன்னது சரி. உங்க தப்பை ஏன் அண்ணன் தலையில இருக்க விட்டீங்க?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அவள் திரும்பக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வருகிறார். என் மகளோடு சேர்ந்து சத்தமாகப் படிக்கிறார், தப்பு விட்டால் அவள் திருத்துகிறாள். என்னிடம் மரியாதையாகப் பேசுகிறார்.

நின்றுபோன மூன்றாவது ஆள் ஒரு காவலாளி. வேலை மாறி எங்கேயோ போய்விட்டார். போன் நம்பர் கிடைக்கவில்லை. துணி வெளுக்கும் கடை அம்மாவை மட்டும் போன மாதம் நேரில் பார்க்கப் போனேன். டீச்சர்தான் இடம் சொன்னார். கூட வரவில்லை. கடைக்குள் நீராவி, சோப்பு வாசனை. அவர் கவுண்டருக்குப் பின்னால் சட்டைகளை எண்ணி, துணியில் குத்தும் சின்னச் சீட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். சீட்டில் எண் மட்டும்தான். நான் யார் என்று சொன்னேன், என்ன நடந்தது என்று சொன்னேன், ரெண்டு தாளையும் கவுண்டரில் வைத்தேன்.

அவர் தாளைப் பார்க்கவில்லை. கேட்டுக்கொண்டே சீட்டுகளைப் பிரித்தார்.

"வகுப்புல இப்ப வேற தாள் குடுக்கறாங்க. நீங்க திரும்ப வரலாம்" என்றேன்.

"முப்பது வருஷமா எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது" என்றார். "அங்க வந்ததுலதான் பதினோரு பேருக்குத் தெரிஞ்சுது. நீங்க சொன்னதைக் கேட்டுக்கிட்டேன். தப்பு என்மேல இல்லைன்னு தெரிஞ்சது நல்லதுதான். ஆனா இனிமே வேணாம் தம்பி."

"வீட்டுல வச்சாவது..."

"தாளை எடுத்துக்குங்க. துணி வைக்கிற இடம்."

எனக்குப் பின்னால் ஒருவர் கை நிறையப் போர்வைகளோடு நின்றுகொண்டிருந்தார். அந்த அம்மா அவரை வாங்க என்று கூப்பிட்டார். நான் தாள்களை எடுத்துக்கொண்டு வழி விட்டு ஒதுங்கினேன்.